டாங்கிக்குத் தப்பிய எலுமிச்சம்பழம்

என் தம்பி கோவிந்தராஜுக்கு அந்த வருஷம் ஐம்பத்தோரு வயது. தலை பாதி நரைத்துவிட்டது. கல்யாண வயதில் பெண் இருந்தாள். ஆவடியில் டாங்கி செய்கிற ஃபேக்டரியில், செய்து முடித்த டாங்கியை ஓட்டிப் பார்த்து, ராணுவத்திடம் கொடுக்கலாம் என்று சொல்கிற பொறுப்பான வேலை. அப்பேர்ப்பட்டவன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று பப்பாளித் தண்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கி ஊதிக்கொண்டிருப்பான். தெருப் பிள்ளைகள் குமிழைத் துரத்திக்கொண்டு ஓடும். அவனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடுவான்.

நான் அவனுக்கு அக்கா. பெயர் பார்வதம். ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். வடக்கு எல்லையில் எந்த சிப்பாயாவது பொத்தான் அறுந்து நின்றிருந்தால் அது என் பிரிவில் தைத்த சட்டையாக இருக்காது. அப்பா ஆரணியில் கண்ணை மூடியபோது கோவிந்து டவுசர் போட்ட பையன். அவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, கல்யாணமும் பண்ணி வைத்தது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு எங்கள் வீட்டில் காபி கொடுப்பதில்லை.

அவனுடைய விளையாட்டுப் புத்திக்கு ஒரு எல்லை இருந்தால் நான் ஏன் கவலைப்படப் போகிறேன். மழை பெய்தால் சாக்கடையில் கப்பல் விடுவான். யூனியன் நோட்டீஸில் செய்த கப்பல் வெகுதூரம் போகிறது, நிர்வாகத்தின் சுற்றறிக்கையில் செய்தது திருப்பத்திலேயே மூழ்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து ஷெட்டில் போய்ச் சொன்னான். இரண்டு தரப்புமே அவனிடம் கொஞ்ச நாள் பேசவில்லை. கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினால் நெமிலிச்சேரி கேட்டில் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவான். நடுவில் எண்ணிக்கை தவறிப்போனால் அடுத்த கூட்ஸ் வரும்வரை நிற்பான். கறிவேப்பிலை இல்லாத சாம்பாரை எங்கள் வீட்டில் பழகிக்கொண்டோம். அவன் மனைவி ராஜம்மா அவனைத் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லாதவரை நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அவன் மகள் வசந்தகுமாரிக்கு முதலில் வந்த வரன் இதனால்தான் போயிற்று. வானகரத்துக்காரர்கள். நல்ல குடும்பம், மூன்று அம்பாசடர் வாடகைக்கு விடுகிறவர்கள். பெண் பார்க்க அவர்கள் வந்து இறங்கியபோது, பெண்ணின் அப்பா வாசல் புங்க மரத்தின் உச்சியில் சிக்கிய காற்றாடியை எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அண்ணாந்து பார்த்து, யாருடா அந்தக் குரங்கு என்று கேட்டார். கீழே நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், கல்யாணப் பொண்ணோட அப்பா என்றன. வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

தொண்ணூற்று இரண்டில் இரண்டாவது வரன் வந்தது. பையன் பெயர் உத்தமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜினியர். முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடு. அப்பா பரந்தாமன், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் மனிதர்களை மனுக்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்பதுபோல. அம்மா லோகநாயகி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. எங்க வழக்கத்துல பொண்ணு கிழக்கே பார்த்துத்தான் உட்காரணும். எங்க வழக்கத்துல காபிக்கு முன்னாடி தண்ணி கொடுக்கணும். எங்க வழக்கத்துல முறுக்கை உடைச்சு வைக்கக் கூடாது. அந்த அம்மா எங்கள் வீட்டில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை வழக்கங்களையும் மிஞ்சிவிட்டாள்.

இந்த முறை நான் ஏமாறவில்லை. வேண்டுமென்றே வேலை நாளாகப் பார்த்து அவர்களை வரச் சொன்னேன். கோவிந்து ஷிஃப்டில் இருந்தான். பெண்ணின் அப்பா எங்கே என்று பரந்தாமன் கேட்டபோது, முக்கியமான சோதனை ஓட்டத்தில் இருக்கிறார், அதைப் பற்றி அதிகம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பரந்தாமன் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, புரியுதுங்க என்றார். அதற்கப்புறம் போகும்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் வசந்தா துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அத்தை, அவர் என்னைப் பாடச் சொல்லலை. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. இதையும் கெடுத்துடாதீங்க."

"போன தடவை நானாடி கெடுத்தேன்?"

"யாரு கெடுத்தாலும் வீட்டுல உட்கார்ந்திருக்கிறது நான்தானே."

அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. பட்டாபிராமில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் நான் விதைத்த மரியாதை அளவுக்கு மீறி முளைத்துவிட்டது. முகப்பேரில் பரந்தாமன் தன் வருங்காலச் சம்பந்தியைப் பற்றிப் பேசிய பேச்சில், நாட்டின் பாதுகாப்பே கோவிந்துவின் தோளில் நிற்பதாக ஆகிவிட்டதாம். தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் அப்படிப்பட்ட மனிதரை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதோடு விட்டாரா. ஆயுத பூஜை அன்று ஃபேக்டரிக்குள் குடும்பத்தாரை விடுவார்களாமே, அங்கேயே வந்து அவர் வேலை பார்க்கிற டாங்கியின் முன்னாலேயே அவரைப் பார்க்கிறோம் என்றார்.

எங்கள் பக்கத்து ஃபேக்டரிகளில் அது வழக்கம்தான். வருஷம் முழுக்க வாயில் காவலர் ஈயிடம்கூட அடையாள அட்டை கேட்பார். அந்த ஒரு நாள் மட்டும் பெண்டு பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் மல்லிகைப் பூவுமாக உள்ளே போய், அப்பா நிற்கிற மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வரலாம். கேமரா மட்டும் கூடாது. முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கோவிந்துவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் பெரிய மனுஷனாக இருக்க வேண்டும் என்றேன். பிள்ளைகளோடு ஓடக் கூடாது, எதையும் எண்ணக் கூடாது, எதன் மேலும் ஏறக் கூடாது. டாங்கி மேல் ஏறித்தானே ஆகணும் அக்கா என்றான். அதைத் தவிர என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ பெரிய மனுஷன் ஆட்டம்னு வெச்சுக்கலாம். யாரு மாதிரி இருக்கணும்?"

"என்னை மாதிரி இரு," என்றேன். இதைவிட நல்ல முன்மாதிரி ஆவடியில் இல்லை.

ஒரு வாரம் பழகினான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சற்றுப் பொறுத்து "அப்படியா" என்று சொன்னான். ராஜம்மா அதைப் பார்த்துச் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பையன் நன்றாகத்தான் இருந்தான்.

ஆயுத பூஜை அன்று வாயிலில் திருவிழாக் கூட்டம். பரந்தாமன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், புரட்டாசி வெயிலில். லோகநாயகி அரக்குப் பட்டு. உத்தமன் புத்தம் புது வெள்ளைச் சட்டை. வசந்தா என் பின்னால் ஒளிந்தாற்போல நடந்தாள். உள்ளே ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனப் பொட்டு, ஒவ்வொரு டிரில்லிங் மெஷினுக்கும் மாலை. சுத்தியல்களுக்கும் ஸ்பேனர்களுக்கும் வரிசையாகக் குங்குமம் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கோவிந்துவின் ஷெட்டு வாசலில் ஒரு டாங்கி நின்றது. அதன் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பீரங்கிக் குழாயின் நுனியில் சாமந்தி மாலை. நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. எதிரியின் மேல் குண்டு போடுவதற்கு முன்னால் அது தேவாரம் பாடும்போல இருந்தது.

கோவிந்து அதன் முன்னால் நின்றான். கை பின்னால், மோவாய் மேலே.

பரந்தாமன் கும்பிட்டு, உங்களைப் பார்க்கக் கொடுத்து வெச்சிருக்கணும் என்றார். கோவிந்து சற்றுப் பொறுத்து "அப்படியா" என்றான். இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டும்போது பயமாக இருக்காதா என்று லோகநாயகி கேட்டாள். கடமை என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். பரந்தாமன் என் பக்கம் திரும்பி, தம்பி அப்படியே உங்க அச்சு என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வசந்தாவின் கை என் கையைப் பிடித்திருந்தது; அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

பூஜை ஆரம்பமாயிற்று. ஷெட்டில் பூஜையைப் பார்த்துக்கொள்கிறவன் துலுக்கானம். கோவிந்துவிடம் உதவியாளாக இருக்கிறவன், திருமுல்லைவாயல்காரன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து, கற்பூரம் கொளுத்திய பூசணிக்காயை யாரோ சொல்லிக்கொடுத்தபடி சுற்றி உடைத்துவிட்டு, சுண்டலை ஆங்கிலத்தில் புகழ்ந்துவிட்டுப் போனார். கடைசியில் எலுமிச்சம்பழம். லாரி, பஸ், ஸ்கூட்டர் எதுவானாலும் அன்றைக்குச் சக்கரத்தின் கீழ் பழம் வைத்து ஏற்றியாக வேண்டும். டாங்கிக்குச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. இடது பட்டைக்கு முன்னால் ஒரு பழம், வலது பட்டைக்கு முன்னால் ஒரு பழம் வைத்தான் துலுக்கானம். எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் நிற்க வைத்தார்கள். இடது பழம் பொண்ணு பக்கம், வலது பழம் மாப்பிள்ளை பக்கம் என்று லோகநாயகி யாரும் கேட்காமலே அறிவித்தாள். எங்க வழக்கத்துல அப்படித்தானாம். அவர்கள் வீட்டில் எத்தனை டாங்கி வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கோவிந்து மிக மெதுவாக, ஒரு கவர்னர் மேடை ஏறுவதைப்போல ஏறி உள்ளே இறங்கினான். டாங்கி ஒரு உறுமல் உறுமியது. என் காலுக்குக் கீழே தரை நடுங்கியது. ஒரு அடி முன்னால் வந்து நின்றது.

வலது பட்டையின் கீழ் பழம் கூழாகிச் சாறு பீறிட்டது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. சாறும் இல்லை, தோலும் இல்லை.

துலுக்கானம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மறுபடியும் குனிந்தான். "அண்ணாத்தே, பயம் இன்னா ஆச்சுன்னே தெரில. காணோம்." அவன் வாயில் பழம் எப்போதும் பயம்தான்.

கோவிந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். இரும்புப் பட்டை மேலே சுழன்றது. அதன் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவிலிருந்த பள்ளத்திலிருந்து எலுமிச்சம்பழம் முழுசாக, மஞ்சளாகக் கீழே விழுந்து, உருண்டு, லோகநாயகியின் கால் அருகே வந்து நின்றது.

பிள்ளைகள் கத்தினார்கள். லோகநாயகி பாம்பைக் கண்டவள்போல இரண்டு எட்டு பின்னால் போனாள். முகம் இறுகிவிட்டது. பொண்ணு பக்கத்துப் பழம், முதல் காரியத்திலேயே தடங்கல், எங்க வழக்கத்துல இதுக்கு மேல பேச்சே கிடையாது என்று கணவரிடம் சொன்னாள். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். பரந்தாமன் தாலுகா ஆபீஸ் குரலில், மறுபடியும் வெச்சு ஒழுங்கா ஏத்திட்டாப் போச்சு, குறை நிவர்த்தி ஆயிடும் என்றார். துலுக்கானம் பழத்தை எடுத்துக்கொண்டு டாங்கிப் பக்கம் திரும்பினான். வசந்தாவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

அந்தச் சமயத்தில் கோவிந்துவின் தலை மேலே வந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டான். துலுக்கானம் பழத்தைத் தூக்கிக் காட்டினான்.

பெரிய மனுஷன் ஆட்டம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

என் தம்பி டாங்கியின் மேலிருந்து குதித்தான். படுத்தான். சலவைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, பட்டையின் கீழே தலையை நீட்டி, பழம் எங்கே உட்கார்ந்திருந்தது என்று தேடினான். கண்டுபிடித்ததும் உள்ளேயிருந்தே ஒரு சிரிப்புச் சிரித்தான். ஷெட்டு எதிரொலித்தது. "துலுக்கானம், இங்க பாருடா. இந்தக் குழி. உள்ளங்கை அளவுகூட இல்ல. சரியா இதுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கான். நாப்பது டன்னு மேல நிக்குது, இவன் பாட்டுக்குக் குந்திக்கினு இருந்திருக்கான்."

"மெய்யாலுமா அண்ணாத்தே," என்று துலுக்கானமும் படுத்தான். அடுத்தது நான் எதிர்பார்க்காதது. உத்தமன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய், புது வெள்ளைச் சட்டையோடு முட்டிபோட்டு, எங்கே மாமா, எந்தக் குழி என்று கேட்டான். அவன் எழுந்தபோது தோளில் ஒரு சாண் கிரீஸ். லோகநாயகி அதைப் பார்த்த பார்வையில் டாங்கியே கொஞ்சம் பின்வாங்கியிருக்கும்.

பரந்தாமன் பொறுமையிழந்து, பழத்தை மறுபடியும் வையுங்க என்றார்.

கோவிந்து எழுந்து உட்கார்ந்தான். "அது முடியாதுங்க. தப்பிச்சவன் தப்பிச்சவன்தான். அவுட் இல்லாதவனைத் திரும்பக் கூப்பிட்டு அவுட் பண்ணினா அது ஆட்டமே இல்லீங்க."

ஆட்டம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் பரந்தாமனின் புருவம் ஏறிற்று. தான் கண்ட பெரிய மனிதர் எங்கே போனார் என்று தேடுகிறவரைப்போலப் பார்த்தார்.

"டேய் கோவிந்து, ஏறுடா," என்றேன்.

அவன் பிறந்ததிலிருந்து என் பேச்சைத் தட்டியதில்லை. கேட்காததுபோல இருந்திருக்கிறான், மறந்திருக்கிறான், தட்டியதில்லை. அன்றைக்குத் தலையை ஆட்டினான். "வேணாம்க்கா. நீயே பாரு. அப்புறம் சொல்லு, ஏத்திடறேன்." துலுக்கானத்திடமிருந்து பழத்தை வாங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.

பார்த்தேன். பழம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பக்கம் கிரீஸ் பொட்டு. அதைப் புறங்கையால் துடைத்தேன். ஒரு கீறல் கிடையாது, ஒரு நசுங்கல் கிடையாது. காம்புகூட ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய இரும்பு மலை மேலே ஏறி நின்றிருக்கிறது, இது காம்போடு வந்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். வாசனைகூடக் குறையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, லோகநாயகியின் குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"கிளம்பலாங்க. எங்க வழக்கத்துல..."

போதும் என்று தோன்றிவிட்டது. வாரக்கணக்காக அந்த அம்மாவின் வழக்கங்களுக்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். முறுக்கைக்கூட உடைக்காமல் வைத்திருக்கிறேன். என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்க வழக்கத்துல," என்றேன், "சக்கரத்துக்குத் தப்பின பழத்தை மறுபடியும் நசுக்க மாட்டோம். அது கல்யாணப் பொண்ணுக்கு வர்ற பழம். ஏழு தலைமுறைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்."

எனக்கே அது புதிய செய்தி.

எங்கள் குடும்பத்தில் இருபத்தைந்து வருஷமாக வாழ்கிற ராஜம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

உத்தமன் தயங்கித் தயங்கி, டாங்க் வந்தே எண்பது வருஷம்கூட ஆகலையேங்க என்றான். இன்ஜினியர்.

"அதுக்கு முன்னாடி தேர் இருந்தது தம்பி," என்றேன்.

பரந்தாமனுக்கு இது போதவில்லை. கடைசியாக எப்போது கிடைத்தது என்று கேட்டார். ஏழு தலைமுறைக்கு முன்னால், எங்கள் ஊர்த் தேரில், அதனால்தான் இப்போது முறைப்படி வந்திருக்கிறது என்றேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. அந்தப் பழத்தோடு போன பெண் என்ன ஆனாள் என்றார். பதினோரு பிள்ளை, அத்தனையும் தங்கிற்று, புருஷன் கடைசிவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். கடைசிச் செய்தி லோகநாயகியின் காதில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

துலுக்கானம் சும்மா இருக்கக் கூடாதா. "ஆமாமா, எங்க ஆயாகூட சொல்லிகீது. தேருக்குத் தப்பின பயம்னா சும்மாவா." அவனுடைய ஆயா திருமுல்லைவாயலைத் தாண்டி எந்தத் தேரையும் பார்த்திருக்க மாட்டாள். இருந்தாலும் அவன் மேல் எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

லோகநாயகி என் கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். பிறகு வசந்தாவைப் பார்த்தாள். மறுபடியும் பழத்தைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் ஏதோ இடம் மாறுவது வெளியே தெரிந்தது. இப்படி ஒரு வழக்கம் தன்னிடம் இல்லையே என்ற ஏக்கமாகத்தான் அது இருக்க வேண்டும்.

"அப்போ அந்தப் பழம் எந்த வீட்டுல இருக்கணும்?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"பொண்ணு எந்த வீட்டுல இருக்காளோ அந்த வீட்டுல."

"இல்ல, பூஜையில வெச்சுக்க எங்களுக்கு இப்பவே கொடுத்து விட்டீங்கன்னா..."

"தனியா வராதும்மா. பொண்ணோடதான் வரும்."

கோவிந்து டாங்கியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. பரந்தாமன் அதைப் பார்த்துவிட்டு, தகப்பன் மனசு, பொண்ணைப் பிரியற வருத்தம் என்று என்னிடம் இரக்கத்தோடு சொன்னார். ஆமாம் என்றேன். உத்தமன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்திருந்தான். அவன் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை என்று அப்போதே தெரிந்தது. வசந்தா அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் அவசரமாகப் பீரங்கியைப் பார்த்தார்கள்.

லோகநாயகி கையை நீட்டினாள். பழத்தை வசந்தாவிடம் கொடுத்தேன். வசந்தா அவளிடம் காட்டினாள். லோகநாயகி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம், இது எத்தனை நாள் தாங்கும், வாடிடாதா என்று கவலைப்பட்டாள். வாடுவதற்குள் பெண் வந்துவிட வேண்டும் என்பது முறை என்றேன். அப்படியானால் ஐப்பசியிலேயே முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம், எங்க வழக்கத்துல ஐப்பசிக் கல்யாணம் ரொம்ப விசேஷம் என்றாள் அந்தப் புண்ணியவதி. தை மாதத்துக்கு முன்னால் பேச்சே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள். டாங்கியின் முன்னாலேயே பொரித் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றிக்கொண்டோம். மாப்பிள்ளை பக்கத்துப் பழம் கூழாகிப்போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

அவர்கள் ஆட்டோ பிடித்து முகப்பேருக்குக் கிளம்பிய பிறகு நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பட்டாபிராம் பஸ் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றது. ராஜம்மாவும் வசந்தாவும் ஏறி உட்கார்ந்தார்கள். வசந்தா கைக்குட்டையில் பழத்தை முடிந்து மடியில் வைத்திருந்தாள். கோவிந்து என் பக்கத்தில் நின்றான். சட்டை முதுகெல்லாம் கறுப்பு.

"அக்கா, ஏழு தலைமுறைன்னியே. எப்படிக்கா தோணுச்சு?"

"எனக்கு எதுவும் தோணலை. குடும்ப மானம்டா."

"பதினோரு பிள்ளை?"

"வாயை மூடு."

மூடிக்கொண்டான். ஆனால் கண் சிரித்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பஸ்ஸின் முன்னால் கண்டக்டர் குனிந்து இரண்டு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோவிந்து போய்ச் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். நடுரோட்டில், ஃபேக்டரி ஜனமெல்லாம் பார்க்க. காதைப் பிடித்து எழுப்புவதற்காகத்தான் நான் போனேன்.

"டயர்ல பள்ளம் ரொம்பச் சின்னதுக்கா," என்றான். "தப்பிக்க வழியே இல்ல. ரெண்டும் அவுட்."

நான் குனிந்து பார்த்தேன். இந்த வயதில் பட்டுப் புடவையில் குனிவது எளிதல்ல. இடது சக்கரத்துக்குச் சற்று முன்னால் தார் பெயர்ந்து ஒரு குழி இருந்தது. பழம் கொஞ்சம் நகர்ந்து உருண்டால் அதற்குள் விழலாம். டயர் மேலே தாண்டிப் போய்விடும். இதைக்கூடக் கவனிக்காமல் இவன் என்னத்தை டாங்கி ஓட்டுகிறான்.

"இன்னாமா, பெரியவங்க நீங்களே ரோட்ல குந்திக்கினா எப்டி? வண்டி எடுக்கணும், நவுருங்க," என்றார் கண்டக்டர்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "இடதா வலதான்னு நான் இன்னும் சொல்லலை."